பழைய ஹீலியோஸில் பூ அலங்காரம்: மங்கல் எங்கிருந்து வந்தது?

முதல் நாள் எடுத்த படங்கள் அத்தனையிலும் ஒரே குறை. செம்மஞ்சள் டாலியாவின் இதழ்களுக்கு நடுவே கண்ணுக்கு அடர்ந்து தெரிந்த நிழல், படத்தில் சாம்பல் பூத்துக் கிடந்தது. மூச்சுப் பட்ட கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல ஒரு வெளிறல். பழைய லென்ஸ், அப்படித்தான் இருக்கும் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் தவறு என்று தெரிய நாலு நாள் ஆனது. அந்த நாலு நாள் வேலையை வரிசையாக எழுதி வைக்கிறேன், இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு உதவும்.

பருவம் மாறும்போதெல்லாம் ஜன்னலோர மேசையில் அப்போது பூக்கிறதை வைத்து ஓர் அலங்காரம் செய்து படமெடுப்பேன். இம்முறை அகலமான தட்டில் வட்டமாக டாலியாவும் மஞ்சள் சாமந்தியும், இடையிடையே காய்ந்த புற்கதிர்கள், அடர்சிவப்புச் சிறுகாய்கள் தொங்கும் ஒரு கிளை. தட்டுக்குப் பின்னால் இரண்டு மீட்டர் தள்ளித் தொட்டிச் செடிகள். அவற்றின் இலைகளில் சீரியல் பல்புச் சரம் ஒன்றைச் சுற்றியிருந்தேன். கேமரா, சோனியின் இ மவுன்ட் என்ற லென்ஸ் பூட்டும் வாய் உள்ள ஃபுல் ஃபிரேம் (36க்கு 24 மி.மீ. சென்சார்) மிரர்லெஸ். லென்ஸ் ஹீலியோஸ் 44-2, குவிதூரம் 58 மி.மீ., முழுத் துளை எஃப்/2 (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்). அதன் வரிசை எண் 78 என்று தொடங்குகிறது. இதைச் செய்த சோவியத் நாட்டின் கிராஸ்னோகோர்ஸ்க் ஆலை லென்ஸ்களில் முதல் இரண்டு இலக்கம் செய்த ஆண்டைக் குறிக்கும் என்பதால் இது 1978-இல் பிறந்தது.

பூ அலங்காரத்துக்கு இந்த லென்ஸ்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் அதன் சுழல். ஹீலியோஸ் 44, ஜெனாவில் உருவான ஜெய்ஸ் பையோட்டார் 58 மி.மீ. எஃப்/2-வின் வழி வந்தது. நாலு தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள். முழுத் துளையில், குவியத்துக்கு வெளியே இருக்கும் ஒளிப்பொட்டு சட்டத்தின் நடுவில் வட்டமாக விழுகிறது. ஓரத்துக்குப் போகப் போக, சாய்வாக வரும் ஒளிக்கற்றையை லென்ஸ் குழலின் முன்விளிம்பும் பின்விளிம்பும் இரண்டு பக்கமும் வெட்டுவதால் அது பூனைக்கண் வடிவமாகச் சுருங்கிவிடும். அந்தப் பூனைக்கண்கள் எல்லாமே நடுவைச் சுற்றி வளையமாகப் படுத்துக் கிடக்கும். லென்ஸின் குவிதளம் தட்டையாக இல்லாமல் வளைந்திருப்பது அந்தச் சுழலை இன்னும் கூட்டுகிறது. வட்டமாக அடுக்கிய பூத்தட்டுக்குப் பின்னால் இலைகள் வட்டமாகச் சுழன்று நிற்கும்போது, தட்டின் வட்டமும் பின்னணியின் வட்டமும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொள்ளும். இன்றைய துல்லியமான லென்ஸ்களில் எனக்கு அது கிடைக்கவில்லை.

இனி, இந்தப் பழைய லென்ஸைப் புதுக் கேமராவில் மாட்ட உதவும் அடாப்டர். ஹீலியோஸில் இருக்கும் எம்42 என்பது 42 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. மரை இடைவெளியும் உள்ள திருகு மவுன்ட். லென்ஸ் உட்காரும் தளத்திலிருந்து ஃபிலிம் வரை 45.46 மி.மீ. தூரம் இருக்க வேண்டும். சோனி இ மவுன்ட்டில் அந்தத் தூரம் 18 மி.மீ. மட்டுமே. மிச்சம் 27.46 மி.மீ.-ஐ அடாப்டர் என்ற வெற்றுக் குழாய் நிரப்புகிறது. கண்ணாடி எதுவும் உள்ளே இல்லை, மின்தொடர்பும் இல்லை. அதனால் மெனுவில் லென்ஸ் இல்லாவிட்டாலும் ஷட்டர் இயங்கும்படி வைத்து, கேமராவின் அதிர்வுத் தடுப்புக்குக் குவிதூரம் 58 என்று கையால் கொடுத்தேன். இந்த எண்ணைக் கொடுக்க மறந்தால், முன்பு மாட்டியிருந்த லென்ஸின் கணக்கிலேயே சென்சார் ஆடும், படம் கலங்கும்.

மாட்டியதும் ஒரு சின்ன எரிச்சல்: துளை அளவு காட்டும் குறி லென்ஸின் அடிப்பக்கம் போய் நின்றது. என் அடாப்டரில் மரை வளையத்தைப் பிடித்திருக்கும் மூன்று பொடித் திருகுகள் இருந்தன. அவற்றைத் தளர்த்தி, குறி மேலே வரும்வரை வளையத்தைச் சுழற்றி இறுக்கினேன். ஐந்து நிமிட வேலை.

சரி, மங்கலுக்கு வருவோம்.

முதல் சந்தேகம் கண்ணாடிமேல். லென்ஸைக் கழற்றி, இருட்டறையில் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பார்த்தேன். பூஞ்சை இருந்தால் மரவேர் போலக் கிளைவிட்ட கோடுகள் தெரியும். அது இல்லை. தூசி இருந்தது, தூசி படத்தைக் கெடுக்காது. ஆனால் துளை இதழ்களுக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடியில் மிக மெல்லிய படலம் ஒன்று டார்ச் வெளிச்சத்தில் நீலமாக மினுங்கியது. வயதான கிரீஸிலிருந்து பிரியும் எண்ணெய் இப்படி ஆவியாகிக் கண்ணாடியில் படிவது பழைய லென்ஸ்களில் வழக்கம்தான்.

ஹீலியோஸ் 44-2-இல் பின்பக்கக் கண்ணாடித் தொகுதி ஒரே துண்டாகத் திருகிக் கழன்று வரும். வெள்ளைத் துணி விரித்த தட்டில் வைத்து, லென்ஸ் ஸ்பேனரின் இரு முனைகளையும் பள்ளத்தில் பொருத்தி, மேலிருந்து அழுத்தம் குறையாமல் திருப்பினேன். முனை நழுவினால் கண்ணாடியில் கீறல் நிச்சயம். அதனால் ஸ்பேனருக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு வட்ட அட்டையை வெட்டி வைத்திருந்தேன். தொகுதி வெளியே வந்ததும் முதலில் ஊதுகுமிழால் தூசியை விரட்டினேன். அதன் பிறகே லென்ஸ் காகிதத்தில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுழற்றி ஒரே துடைப்பு. அடுத்த துடைப்புக்குப் புதுக் காகிதம். மூன்றாவது காகிதத்தில் படலம் போய்விட்டது. தொகுதியைப் பிரித்து உள்கண்ணாடிகளைத் தொடவில்லை. அங்கே எனக்கு வேலை இல்லை.

மாட்டி, அதே தட்டை அதே ஜன்னலுக்கு எதிரே வைத்து எடுத்தேன். சின்ன முன்னேற்றம் இருந்தது, ஆனால் மங்கல் போகவில்லை. ஜன்னல், படத்தின் சட்டத்துக்கு வெளியே, வலது பக்கத்தில் இருந்தது. முன்னால் கையை நீட்டி நிழல் போட்டுப் பார்த்தேன், மங்கல் பாதி குறைந்தது. ஆக, வெளியிலிருந்து சாய்வாக நுழையும் ஒளி எங்கேயோ பட்டுச் சிதறுகிறது. 1978-ஆம் ஆண்டின் பூச்சு இன்றைய பல அடுக்குப் பூச்சு அளவுக்குப் பிரதிபலிப்பை அடக்காது என்பது தெரிந்ததுதான். ரப்பர் ஹூட் ஒன்றைத் திருகினேன். இன்னும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் படத்தின் இருட்டை இடதிலும் வெளிச்சத்தை வலதிலும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் இடது ஓரம் காலியாகவே இருந்தது. படத்தில் உண்மையான கறுப்பு எங்கேயும் இல்லை என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் தற்செயலாக அது கண்ணில் பட்டது. லென்ஸையும் அடாப்டரையும் சேர்த்துக் கழற்றி, ஜன்னலை நோக்கிப் பிடித்து, சென்சார் இருக்கும் இடத்திலிருந்து பார்ப்பதுபோலப் பின்பக்கத்திலிருந்து பார்த்தேன். கண்ணாடியைச் சுற்றி அடாப்டரின் உட்சுவர் முழுக்க ஒரு வெள்ளி வளையமாக ஜொலித்தது. வெளியே பார்க்கக் கறுப்புப் பூச்சு. உள்ளே இருந்ததும் கறுப்புதான், ஆனால் வழவழப்பான கறுப்பு. சாய்ந்த கோணத்தில் வரும் ஒளிக்கு வழவழப்பான கறுப்பும் முகம் பார்க்கும் கண்ணாடிதான்.

இதன் காரணத்தை யோசித்தால் எல்லாம் கோர்வையாகிவிடுகிறது. லென்ஸ் சென்சாரின் செவ்வகத்தை மட்டும் நிரப்புவதில்லை. அதைவிடப் பெரிய ஓர் ஒளிவட்டத்தைப் பின்னால் எறிகிறது. 36க்கு 24 மி.மீ. சட்டத்தின் மூலைவிட்டம் 43.3 மி.மீ., வட்டம் அதையாவது மூட வேண்டும். செவ்வகத்துக்கு வெளியே விழும் ஒளிக்குப் போக்கிடம் வேண்டுமே. லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஓர் ஆடி இருந்த பழைய எஸ்எல்ஆர் கேமராவில் அந்த ஆடிப் பெட்டியின் சுவர்களை மங்கலான கறுப்பாக்கி அந்த ஒளியை விழுங்கவைத்தார்கள். அடாப்டரில் அப்படி எதுவும் இல்லாவிட்டால் அந்த ஒளி குழாய்ச் சுவரில் பட்டுத் தெறித்துச் சென்சாரில் பரவும். ஏபிஎஸ்-சி போன்ற சிறிய சென்சாரில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம், ஏனென்றால் ஒளிவட்டத்தில் வீணாகும் பங்கு அங்கே பெரிது.

இதற்கு மருந்து, பின்புறம் பசை உள்ள கறுப்பு வெல்வெட் தாள். தொலைநோக்கி செய்பவர்கள் குழாய்க்குள் ஒட்டுவது இதைத்தான். அடாப்டரின் உட்சுற்றளவைக் கணக்குப் போட்டு எடுக்காமல், ஒரு காகிதப் பட்டையை உள்ளே சுருட்டி வைத்து, முனைகள் சந்திக்கும் இடத்தில் குறி வைத்து வெளியே எடுத்தேன். 132 மி.மீ. வந்தது. அகலம், இரண்டு விளிம்பிலும் 2 மி.மீ. விட்டு. முன்பக்கம் மரையை மூடக்கூடாது, பின்பக்கம் கேமராவில் பூட்டும் நாக்குகளில் பசை படக்கூடாது.

ஒட்டுவதற்கு முன் செய்த ஒரு வேலைதான் மிக முக்கியம். வெல்வெட் வெட்டிய ஓரத்தில் இழை உதிரும். கேமராவுக்குள் உதிர்ந்தால் நேரே சென்சாரில் போய் உட்காரும். வெட்டிய நாலு ஓரங்களிலும் ஒட்டும் டேப்பை அழுத்தி அழுத்தி எடுத்தேன், ஒரு இழையும் டேப்பில் வராதவரை. பிறகு உட்சுவரை ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, பட்டையின் ஒரு முனையைப் பதித்து, விரல் நுனியால் சுவரோடு நகர்த்தி ஒட்டினேன். முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் தடிப்பு ஒளிப்பாதையில் நீட்டும். மிச்சம் இருந்த அரை மி.மீ.-ஐ வெட்டினேன். ஒருநாள் முழுக்க வெயில் படாத இடத்தில் வைத்து, ஊதுகுமிழால் பலமாக ஊதி, மறுபடி டேப் ஒற்றி, அதற்குப் பிறகே கேமராவில் மாட்டினேன். வெல்வெட் கிடைக்காதவர்கள் மங்கலான கறுப்புப் பெயின்ட் பூசலாம். ஆனால் சாய்ந்த ஒளியை வெல்வெட் விழுங்குவதுபோலப் பெயின்ட் விழுங்காது என்பது என் எண்ணம்.

மறுபடி பின்பக்கத்திலிருந்து பார்த்தபோது வெள்ளி வளையம் இல்லை. இருட்டுக்குள் லென்ஸின் வட்டம் மட்டும் தனியாக மிதந்தது. அதே ஜன்னல், அதே தட்டு, அதே எஃப்/2. ஹிஸ்டோகிராம் இடது ஓரத்தைத் தொட்டுவிட்டது. டாலியா இதழ்களின் அடியில் நிழல் நிழலாக இருந்தது. அன்று மாலை முழுக்க மேசையைவிட்டு நான் நகரவில்லை.

நாலு நாளில் பூ வாடத் தொடங்கியிருந்தது. காம்புகளைத் தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக வெட்டி மறுபடி அடுக்கி, இரண்டு டாலியாவை மட்டும் மாற்றினேன். இனி எடுத்த விதத்தைப் பற்றி.

சுழல் வேண்டுமானால் பின்னணியில் ஓட்டைகள் வேண்டும். வெறும் சுவர் சுழலாது. இலைகளுக்கு நடுவே வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிய வேண்டும். தட்டு லென்ஸிலிருந்து 60, 70 செ.மீ., செடிகள் அதற்குப் பின்னால் இரண்டு மீட்டர். இந்த விகிதத்தில் சுழல் நன்றாக எழுந்தது. செடிகளை அரை மீட்டர் அருகே இழுத்தபோது சுழல் கலைந்து வெறும் குழப்பம் ஆனது. எஃப்/2.8-க்குப் போனால் பூனைக்கண்கள் வட்டமாகத் தேறத் தொடங்கும், எஃப்/4-இல் சுழல் ஏறக்குறையப் போய்விடும். பூ நடுவில் இருக்க வேண்டும். சுழலை ஓரத்தில் மட்டுமே இந்த லென்ஸ் தருகிறது, கூர்மையை நடுவில் மட்டுமே தருகிறது. முக்கியப் பொருளை நடுவில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைக்கச் சொல்லும் விதியை இங்கே மறந்துவிடலாம்.

ஃபோகஸ்தான் பெரிய வேலை. ஹீலியோஸ் 44-2 மிகக் கிட்டத்தில் அரை மீட்டருக்குத்தான் குவியும். அந்தத் தூரத்தில் எஃப்/2-இல் கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் 6 மி.மீ. ஒரு டாலியா முன்னிதழிலிருந்து பின்னிதழ் வரை நாலைந்து செ.மீ. இருக்கும். எந்த 6 மி.மீ. வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். நான் தேர்ந்தது உள்வட்ட இதழ்களின் நுனியை. நடு மொட்டைக் கூர்மையாக்கினால் முன்னிதழ்கள் கரைந்து பூவின் அளவே தெரியாமல் போகிறது.

குவிய விளிம்புகளை நிறத்தால் காட்டும் பீக்கிங்கை முழுத் துளையில் நம்ப வேண்டாம். எஃப்/2-இல் இந்த லென்ஸ் இதழ் விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒளிர்வு விடுகிறது, பீக்கிங் நுனிக்கு முன்னும் பின்னும் சேர்த்தே நிறம் பூசிவிடும். திரையைப் பெரிதாக்கிப் பார்ப்பது ஒன்றே வழி. வளையத்தைத் திருகித் திருகிச் சலித்த பிறகு வேறு முறைக்கு வந்தேன்: கேமராவை முக்காலியில் இறுக்கி, வளையத்தைத் தொடாமல், பூத்தட்டை அதன் அடியில் விரித்த காகிதத்தோடு மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இழுத்தேன். கை நிதானம் தட்டில் வருகிற அளவுக்கு வளையத்தில் வருவதில்லை. மின்விசிறியை நிறுத்தியிருக்க வேண்டும், புற்கதிர்கள் மூச்சுக்கே ஆடும்.

இந்த லென்ஸில் துளைக்கு இரண்டு வளையங்கள். ஒன்றில் வேண்டிய அளவை முன்கூட்டிக் குறித்துவிடலாம். மற்றது சத்தமில்லாமல், படிகள் இல்லாமல், எஃப்/2-க்கும் அந்தக் குறிக்கும் நடுவே போய் வரும். முழுத் துளையில் சட்டம் பார்த்து, எடுக்கும் துளைக்கு மூடி, மூடிய நிலையிலேயே கடைசி ஃபோகஸ் பார்ப்பது நல்லது. துளை மாறும்போது குவியம் சற்று நகரக்கூடும், 6 மி.மீ. கணக்கில் அந்த நகர்வும் பெரிது.

இன்னும் கிட்டப் போக 10 மி.மீ. எம்42 நீட்சி வளையம் ஒன்றை லென்ஸுக்கும் அடாப்டருக்கும் நடுவே போட்டேன். கணக்கு எளிது: கூட்டிய நீளத்தைக் குவிதூரத்தால் வகுத்தால் பெரிதாக்கம். லென்ஸ் தன் முழு நீட்டத்தில் சுமார் 9 மி.மீ. முன்னால் வரும், அதோடு வளையத்தின் 10. மொத்தம் 19-ஐ 58-ஆல் வகுத்தால் 0.33. மூன்று செ.மீ. மொட்டு சென்சாரில் ஒரு செ.மீ. ஆகிறது. பூவிலிருந்து சென்சாருக்குத் தூரம் 31 செ.மீ. மறுமுனையில், முடிவிலிக் குறியிலேயே 46 செ.மீ.-இல் குவிந்துவிடும், அதற்கு அப்பால் எதுவும் தெரியாது. வெளிச்சமும் முக்கால் ஸ்டாப்புக்குச் சற்றுமேல் குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). எஃப்/4-க்கு மூடினாலும் ஆழம் 3 மி.மீ.தான். சாமந்தியை இந்த அளவில் எடுப்பது எனக்குப் பிடித்திருந்தது. அதன் இதழ்கள் தட்டையாக அடுக்கியிருப்பதால் 3 மி.மீ. போதும்.

நிறத்தில் ஒரு எச்சரிக்கை. சிவப்பும் செம்மஞ்சளும் கேமராவை ஏமாற்றும். மொத்த வெளிச்சத்தைக் காட்டும் ஹிஸ்டோகிராம் சரியாக இருக்கும்போதே சிவப்பு வரிசை மட்டும் வலது சுவரில் முட்டி நசுங்கியிருக்கும். அப்படி நசுங்கினால் இதழின் நரம்பும் மடிப்பும் போய்விடும், பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, முக்கால் ஸ்டாப் குறைத்து, சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பில் எடுத்தேன். ஒளிக்கு ஒரே மூலம் போதும். ஜன்னல் ஒளியும் சீரியல் பல்பின் மஞ்சளும் பூமேல் கலந்தால் எந்த வெள்ளைச் சமநிலையும் ஒத்துவராது. பல்புகளின் ஒளி பூமேல் விழாமல் பின்னணியில் மட்டும் எரியவிட்டேன். சில எல்இடி சரங்கள் கண்ணுக்குத் தெரியாமல் மினுங்கும். மின்னணு ஷட்டரில் எடுத்தபோது படத்தில் பட்டைகள் விழுந்தன. இயந்திர ஷட்டருக்கு மாறி, முக்காலியில் 1/15 நொடி வைத்ததும் மறைந்தன.

அதே பல்புகளை வைத்து இன்டஸ்டார்-61 எல்/இசட் லென்ஸிலும் சில படங்கள் எடுத்தேன். அதன் துளை எஃப்/5.6 பக்கம் மூடும்போது நட்சத்திர வடிவம் ஆகிறது. பின்னால் இருக்கும் ஒவ்வொரு பல்பும் ஒரு நட்சத்திரம். பார்க்க அழகு, ஆனால் நாலாவது படத்தில் கண் பூவை விட்டு நட்சத்திரத்துக்கே போகிறது. பூ அலங்காரத்துக்கு நான் அதை விலக்கிவிட்டேன். ஏழு கண்ணாடிகள் கொண்ட சூப்பர் டாக்குமர் 50 மி.மீ. எஃப்/1.4-உம் வெள்ளைச் சாமந்திக்குச் சரிவரவில்லை. அதில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, காலப்போக்கில் அது பழுப்பு மஞ்சளாகும். புற ஊதா விளக்கின் கீழ் சில நாட்கள் வைத்தால் தெளியும் என்பதால் அது இப்போது விளக்கின் கீழ்தான் இருக்கிறது.

கடைசி நாள் மாற்றிவைத்த டாலியாக்களும் உதிரத் தொடங்கின. தட்டின் ஓரத்தில் விழுந்த இதழ்களை அப்படியே விட்டு, நீட்சி வளையத்தோடு எஃப்/4-இல், முதல் நாள் எல்லாப் படங்களையும் கெடுத்த அதே ஜன்னலை நேரே எதிரில் வைத்து எடுத்தேன். ஒளி இதழ்களுக்குள் புகுந்து நரம்புகளைத் தனித்தனியாகக் காட்டியது. இரண்டு இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்த இடத்தில் சிவப்பு இரட்டிப்பாக அடர்ந்திருந்தது. அவற்றுக்கு நடுவே இருந்த இடைவெளி கறுப்பாகவே இருந்தது.